என் கணவரின் முதுகில் ஒட்டிய மஞ்சள் லேபிள் குறித்து

பெல்லார்ட் தீவு காவல் நிலையம், பாஸ் நீரிணை, டாஸ்மேனியா.

வாக்குமூலம் அளிப்பவர்: லோர்னா மே பிக்கெட். வயது: ஐம்பத்தெட்டு. (முதலில் ஐம்பத்தைந்து என்று எழுதப்பட்டு, சார்ஜென்ட் என்னை ஏற இறங்கப் பார்த்த பிறகு திருத்தப்பட்டது.) கணவர் பெயர்: க்ளெமன்ட் பிக்கெட். முகவரி: ஜெட்டி சாலை, பச்சைக் கூரை வீடு. பதிவு செய்பவர்: சார்ஜென்ட் நெவில் ஸ்ட்ரக்னெல்.

நான் மேற்படி முகவரியில் என் கணவருடனும் மஃபின் என்ற நாயுடனும் குடியிருந்து வருகிறேன். எங்கள் தீவு விமான நிலையத்தில் டிக்கெட் கொடுப்பது, பெட்டிகளை எடை போடுவது, வரும் சரக்கையும் போகும் சரக்கையும் பதிவது, கழிப்பறையில் காகிதம் தீர்ந்தால் வைப்பது ஆகியவை என் வேலை. என் கணவர் க்ளெம் அதே இடத்தில் சரக்கு ஏற்றி இறக்குபவர். விமானம் இறங்குவதற்கு முன் ஓடுதளத்திலிருந்து வாலபி என்னும் குட்டிக் கங்காருக்களை விரட்டுபவரும் அவரே. ஆபத்தான சரக்குகளை விமானத்தில் அனுப்பும் விதிகளில் நாங்கள் இருவரும் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வைத்திருக்கிறோம். என்னுடையது சமையலறை இழுப்பறையில் ரப்பர் பேண்டுகளோடு கிடக்கிறது. அவருடையது கண்ணாடிச் சட்டம் போட்டு, எங்கள் கல்யாணப் படத்துக்கு மேலே மாட்டப்பட்டிருக்கிறது. மேலே என்பதைக் குறித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கதிரியக்கச் சரக்குக்கு ஒட்ட வேண்டிய மஞ்சள் லேபிளை ஓர் ஆளின் முதுகில் ஒட்டிப் பொதுமக்களைப் பீதிக்குள்ளாக்கிய நபர் யாரோ அவருடைய சான்றிதழ் பறிக்கப்படும் என்றும், அவர் இனி எந்த விமான நிலையத்திலும் சரக்கைத் தொட முடியாது என்றும் விமானக் கம்பெனி எழுதியிருக்கிறது. என் கணவர் நேற்று இதே நாற்காலியில் உட்கார்ந்து, அந்த லேபிளைத் தானே தன் முதுகில் ஒட்டிக்கொண்டதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அது பொய். ஒட்டியது நான். என் சான்றிதழ் போனால் எனக்கு ஒரு இழுப்பறை காலியாகும். அவருடையது போனால் அவர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. அதைச் சொல்லவே நான் யாரும் அழைக்காமல் இங்கே வந்திருக்கிறேன்.

என் கணவர் விதிப்புத்தகத்தைக் குளியலறைக்கும் கொண்டுபோகிறவர். இந்தத் தீவில் அவரிடம் முடி ஸ்ப்ரே டப்பாவைப் பறிகொடுக்காத பெண் இல்லை. என் அம்மா முதன்முறை விமானத்தில் வந்தபோது, எடை சரியாக இல்லை என்று அவளை இரண்டு தடவை தராசில் ஏற்றினார். அம்மா அதற்குப் பிறகு படகில்தான் வந்தாள். சார்ஜென்ட் இதெல்லாம் வழக்குக்குச் சம்பந்தமில்லை என்கிறார்.

"லோர்னா, நடந்ததை மட்டும் சொல்லு. உங்கம்மா கதை எனக்கு எதுக்கு?"

"அந்த ஆளு யாருன்னு தெரியாம நடந்தது எப்படிப் புரியும் நெவில்? எழுது."

எழுதினார்.

சென்ற கோடையில் எங்கள் ஓடுதளத்துக்குப் புதுத் தார் போட்டார்கள். மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் கருவி ஒன்று சரக்கு விமானத்தில் வந்தது. அதற்குள் சிறு கதிரியக்கத் துண்டு இருக்கும். அப்போதுதான் எங்கள் தீவு முதன்முறையாகக் கதிரியக்கத்தைக் குறிக்கும் அந்த மூன்றிதழ் விசிறிச் சின்னத்தைப் பார்த்தது. க்ளெம் கருவியைச் சுற்றிக் கயிறு கட்டி, யாரையும் அண்ட விடாமல், மாப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வது போலப் பார்த்துக்கொண்டார். அவருக்கு உதவியாக இருப்பவர் டாரில்; மீன்பிடிப்பை விட்டுவிட்டு வந்தவர், டார்ட்ஸ் என்னும் சிற்றம்பு எறியும் விளையாட்டில் க்ளெமின் ஜென்ம விரோதி. டாரிலுக்கும் க்ளெம் அதையெல்லாம் சொல்லிக் கொடுத்தார். மஞ்சள் லேபிளைக் கண்டால் முதலில் கயிறு, பிறகுதான் கேள்வி என்பது டாரில் கற்ற பாடம். கருவி திரும்பிப் போன பிறகு மிஞ்சிய லேபிள் ஒன்று என் கைப்பையில் தங்கிவிட்டது. என் சமையல் குறிப்புப் புத்தகத்தில் பக்க அடையாளமாக வைத்திருந்தேன். அது குற்றமா என்று சார்ஜென்டுக்கும் தெரியவில்லை.

அதன் பிறகு, இலையுதிர் காலத்தில், க்ளெமின் தொண்டையில் ஒரு கட்டி தெரிந்தது. தைராய்டு என்றார்கள். கட்டி கெட்ட வகை என்றார்கள். கடலுக்கு அந்தப் பக்கம், லான்செஸ்டன் நகர ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். மிச்சமிருப்பதை எரிக்க, ஈயச் சுவர் வைத்த அறையில் அவரைத் தனியாக வைத்து, கதிரியக்க அயோடின் மாத்திரை ஒன்றைக் கொடுத்தார்கள். அதை விழுங்கக் கொடுத்த பெண் இடுக்கியில் பிடித்து நீட்டியதாகவும், அவள் நின்ற தூரம் மிகச் சரியாக இருந்ததாகவும் அன்று அவர் தொலைபேசியில் சொன்னார். மனிதர் பயந்துபோயிருக்கிறார் என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். அவர் யாரையும் அவ்வளவு சுலபமாகப் பாராட்டுகிறவர் அல்ல.

அதன் பிறகு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நான் சூப்புக்கு எலும்பு வாங்கி வைத்தேன். ஊரில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. அன்று காலை க்ளெம் கூப்பிட்டார்.

"போகலாம்னுட்டாங்க லோர்ன். ஆனா நான் வரல."

"ஏன், அங்க எவளாவது சிக்கிட்டாளா?"

"கிண்டல் பண்ணாத. என் உடம்புலேர்ந்து கதிர் வருது. ஒரு மீட்டர் தள்ளி நின்னு மெஷின் வெச்சு அளந்தாங்க. நான் அதைப் போக்குவரத்து எண்ணா மாத்திப் பார்த்தேன்."

"எவ்வளவு?"

"ஒண்ணே முக்கால். ஒண்ணைத் தாண்டிட்டேன். மஞ்சள் மூணு, லோர்ன். மஞ்சள் ரெண்டு இல்ல, மூணு."

அவர் குரலில் கவலைக்கு நடுவே துளி பெருமையும் இருந்ததை நான் கவனித்தேன். பெட்டியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி எவ்வளவு கதிர் வருகிறது என்பதை வைத்துத்தான் இந்த எண்ணைப் போடுவார்கள். ஒன்றைத் தாண்டினால் மூன்று சிவப்புக் கோடு போட்ட மஞ்சள் லேபிள், அதுதான் மஞ்சள் மூன்று. வாழ்நாள் முழுவதும் அதைப் பெட்டிகளுக்குத் தேடியவருக்குத் தன் மேலேயே கிடைத்துவிட்டது.

"சரி, எப்பத் தீரும்?"

"எட்டு நாளைக்கு ஒருதரம் பாதியாக் குறையும்."

"அப்புறம்?"

"அதுல பாதி."

"அப்புறம்?"

"அதுல பாதி."

"முழுசா எப்பத்தான் போகும்?"

அந்தப் பக்கம் காகிதத்தில் பேனா கீறும் சத்தம் கேட்டது.

"கணக்குப்படி முழுசாப் போகாது. பாதிக்குப் பாதி எப்பவும் இருந்துக்கிட்டேதான் இருக்கும். நான் இங்க கேரவன் பார்க்ல ஒரு குடிசை எடுத்துட்டேன். மஃபினுக்கு வயசாயிருச்சு. உனக்கும் வயசாயிருச்சு. நான் அங்க வந்து உங்க பக்கத்துல உக்கார மாட்டேன்."

"நாயையும் என்னையும் ஒரே மூச்சுல சொல்லாத."

அவர் சிரிக்கவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டார். என் வேடிக்கைக்கு அவர் சிரிக்காமல் வைத்தது இதுவே முதல் தடவை. சிரிக்கிற அளவுக்கு அது நல்ல வேடிக்கை இல்லைதான். ஆனாலும் அவர் சிரிப்பார், அதுதான் எங்கள் ஒப்பந்தம்.

அதன் பிறகு நான் டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். கொஞ்ச நாள் தனிப் படுக்கை, தனித் துவாலை, குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்க வேண்டாம், குறுகிய விமானப் பயணம் பரவாயில்லை, மற்றவர்களை விட்டுத் தள்ளி உட்காரட்டும் என்றார். "உடம்புல இருக்கிறதுல பெரும்பகுதி சிறுநீர்லயே போயிரும், உங்க வீட்டுக்காரர் கணக்குல அது வரல" என்றும் சொன்னார். க்ளெம் கணக்கில் எப்போதும் ஏதாவது ஒன்று வராது. பெரும்பாலும் அது அவராகத்தான் இருக்கும்.

அதன் பிறகு எலும்பை ஃபிரீசரில் போட்டுவிட்டு, மஃபினை டாரிலிடம் விட்டுவிட்டு, அன்று மதிய விமானத்திலேயே லான்செஸ்டன் போனேன். சுற்றுலாக்காரர்கள் வண்டிவீட்டை நிறுத்தித் தங்கும் அந்தக் கேரவன் பார்க் ஆற்றோரம் இருந்தது. அவருடைய குடிசை கடைசியில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில். அங்கேதான் அக்கம்பக்கம் ஆள் கிடையாது என்று தேடி எடுத்திருக்கிறார். வலைக்கதவு சாத்தியிருந்தது. வாசலுக்கு வெளியே புல்லில் கொடிக்கயிறு ஒன்று குறுக்கே கட்டியிருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன் மேல் ஒரு சிறு மெத்தை. வரமாட்டேன், பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று சொன்ன ஆள், நான் எந்த விமானத்தில் வருவேன் என்று கணக்குப் போட்டு, உட்கார இடமும் அளந்து போட்டு, நாற்காலி சில்லிடும் என்று மெத்தையும் வைத்திருந்தார்.

நான் அதில் உட்கார்ந்தேன். அவர் வலைக்கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் தழும்பு தெரியாமல் துண்டு சுற்றியிருந்தார். சட்டைக் காலர் பெரிதாகிவிட்டிருந்தது.

"சாப்டியா?" என்றேன்.

"தட்டு, கரண்டி எல்லாம் தனியா வெச்சிருக்கேன்."

"சாப்டியான்னு கேட்டேன். பாத்திரத்தை விசாரிக்கல."

"டோஸ்ட்."

அதன் பிறகு எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. அதை முழுவதும் எழுத வேண்டாம் என்று சார்ஜென்ட் கேட்டுக்கொள்வதால், முக்கியமான இரண்டு வாதங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது லாமிங்டன் கேக் சம்பந்தப்பட்டது. எங்கள் தீவு மன்றத்தில் எந்தக் கூட்டமானாலும் கடைசித் துண்டைத் தின்றவர்தான் தட்டுகளைக் கழுவ வேண்டும். அதனால் யாரும் கடைசித் துண்டைத் தின்பதில்லை. ஒவ்வொருவராக வந்து, இருப்பதில் பாதியை வெட்டிக்கொண்டு நகர்வார்கள். கூட்டம் முடியும்போது தட்டில் தேங்காய்த் துருவல் ஒட்டிய ஒரு தூசி இருக்கும். அதையும் பாதியாக வெட்டிய ஆள் ஒருவர் உண்டு. அவர் இப்போது எனக்கு எதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்.

"அந்தத் துரும்பு தட்டுல இருக்குன்னு யாராவது ஊரைக் காலி பண்ணிட்டுப் போனாங்களா கிழவா?" என்று கேட்டேன்.

"அது கேக்கு. இது அயோடின்."

"பாதிக்குப் பாதி பாதிதானே? கடைசில உனக்குள்ள ஒரு துரும்பு இருக்கும். இருந்துட்டுப் போகட்டுமே. கல்யாணம் ஆனப்பலேர்ந்து உன் மூளைல ஏதோ இருக்கு, நான் ஓடியா போயிட்டேன்?"

 அவர் துண்டைச் சரி செய்துகொள்கிற மாதிரி வாயை மறைத்துக்கொண்டார்.

இரண்டாவது வாதம் விதிப்புத்தகம். பெரிய முட்டாள்தனத்துக்கு முன் ஒருமுறையாவது படிக்க வேண்டும் என்று விமானத்தில் வரும்போது படித்திருந்தேன்.

"நல்லாக் கேளு. நீ மனுஷன்னா, வைத்தியத்துக்காக உடம்புக்குள்ள போன கதிரியக்கத்துக்கு இந்த விதியே பொருந்தாதுன்னு எழுதியிருக்கு. நீ சரக்குன்னா, ஒண்ணே முக்கால்தான், மூணுக்குக் கீழ, பயணிகள் போற விமானத்துலயே ஏத்தலாம்னு எழுதியிருக்கு. எப்படிப் பார்த்தாலும் நீ வீட்டுக்கு வரலாம். எதுவா வர்ற, சொல்லு."

 வாத்து ஒன்று கயிற்றுக்கு அடியில் போய், அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது.

"சரக்கா."

"மனுஷனா வந்தா என்ன குறைஞ்சு போச்சு?"

"மனுஷன்னா உன்கிட்டேர்ந்து எவ்வளவு தூரத்துல இருக்கணும்னு அந்தப் புத்தகத்துல இல்ல. சரக்குன்னா இருக்கு. அரை மீட்டர்."

நான் மூக்கைச் சிந்தினேன். ஆற்றங்கரையில் மகரந்தம் அதிகம்.

"ஆனா முறைப்படி வரணும்" என்றார். "லேபிள் இல்லாம நான் எந்தச் சரக்கையும் ஏத்தினதில்ல."

அதன் பிறகு நான் கைப்பையைத் திறந்தேன். ரப்பர்போல நீளும் பழைய மிட்டாய்களுக்கு நடுவிலிருந்து சமையல் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, பூசணிக்காய் ஸ்கோன் ரொட்டிப் பக்கத்திலிருந்து அந்த லேபிளை உருவினேன். ஒன்றுதான் இருந்தது. எதிரெதிர்ப் பக்கமாக இரண்டு ஒட்ட வேண்டும் என்று அவர் இழுத்தார். முன்பக்கம் உன் மூஞ்சி இருக்கிறது, பார்க்கிறவன் தானாகவே ஒதுங்கிவிடுவான் என்று நான் சொன்னேன். அவர் நெஞ்சில் ஒட்டச் சொன்னார். தட்டையான பரப்பில்தான் ஒட்ட வேண்டும் என்பது விதி. அவருடைய முன்பக்கத்தில் அப்படி ஒரு பரப்பு இல்லை. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டாலும் அதை உண்டாக்க முடியவில்லை. ஆகவே முதுகு என்று முடிவாயிற்று. உள்ளே இருப்பது என்ன என்ற இடத்தில் அயோடின் என்றும், எண் ஒன்றே முக்கால் என்றும் எழுதினேன். மறுநாள் காலை புறப்படும் முன் அவருடைய வேலைச் சட்டையின் முதுகில் ஒட்டினேன். ஒட்டிய விதத்தைப் பிறகு சொல்கிறேன்.

தேவையில்லாத பொருளுக்கு அந்த லேபிளை ஒட்டுவதும் குற்றம் என்று அதே புத்தகத்தில் இருக்கிறது. அந்த இடம் எங்கள் இருவருக்குமே ஞாபகம் வரவில்லை.

அதன் பிறகு நான் டாரிலைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "க்ளெம் வர்றான்னு ஊர்ல சொல்லிரு. கூடவே மஞ்சள் மூணு ஒண்ணு வருது, கயிறு கட்டி வை" என்றேன். நான் வேடிக்கையாகச் சொன்னேன். டாரிலுக்கு விதியில் வேடிக்கை கிடையாது. அவருக்குப் பயிற்சி கொடுத்தது க்ளெம்.

அதன் பிறகு விமானத்துக்கு வந்தோம். விமானம் சிறியது, பைலட் ரீட்டா க்ரோல். லேபிள் தெரியாமல் க்ளெமுக்கு நான் மழைக்கோட்டு மாட்டியிருந்தேன். அவர் நேராக ரீட்டாவிடம் போய், எட்டி நின்றுகொண்டார்.

"கேப்டன், ஆபத்தான சரக்கு ஒண்ணு ஏறுது. உங்ககிட்டச் சொல்றது என் கடமை."

"எங்க க்ளெம்? எனக்கு ஒண்ணும் காணலியே."

"நான்தான்."

"அப்படியா. வலை போட்டுக் கட்டவா, தானா உக்காந்துக்குவியா?"

"பெல்ட் போதும்."

"நல்ல சரக்குப்பா. இந்த மாதிரி தானா ஏறி உக்கார்ற சரக்கு தினம் கிடைச்சா உன் வேலைக்கு ஆளே வேணாம்."

ரீட்டா இதைக் கேலி என்று நினைத்தார், கோட்டுக்குள் இருந்த லேபிளைப் பார்க்கவில்லை, அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று பதிவு செய்யக் கோருகிறேன்.

எங்களைத் தவிர ஒரே பயணி திரு. ஆலிஸ்டர் ப்ரூம். காற்றாலை வைக்க எங்கள் தீவில் காற்று எவ்வளவு அடிக்கிறது என்று அளக்க வந்தவர். அதற்கு விமானம் ஏறி வர வேண்டியதில்லை, எங்களில் யாருடைய தலைமுடியைப் பார்த்தாலும் தெரியும். அவர் முன்வரிசையில் உட்கார்ந்தார். நான் நடுவில். க்ளெம் கடைசி இருக்கையில். எனக்கும் அவருக்கும் நடுவே அளவு நாடா வைத்துப் பார்த்தார். திருப்தியாக இருந்தது. அதன் பிறகு பின்னாலிருந்து கீச் கீச் என்று சத்தம் வந்தது. டாரிலின் மனைவிக்குப் போக வேண்டிய கோழிக்குஞ்சுப் பெட்டி, க்ளெமின் இருக்கைக்குப் பின்னால் ஒட்டினாற்போல் வைக்கப்பட்டிருந்தது.

"ரீட்டா, உயிருள்ள பிராணி. கதிரியக்கத்துலேர்ந்து அரை மீட்டராவது தள்ளி வைக்கணும். எடுங்க."

"எங்கப்பா வைக்கறது? இடமே இல்லியே."

இடம் ஒன்று இருந்தது. திரு. ப்ரூமின் மடி. அவர் மறுக்கத் தெரியாத அளவுக்கு நல்ல வளர்ப்பு. அவருடைய கால்சட்டை வெளிர் நிறம் என்பதையும், பெட்டியின் அடிப்பாகம் அட்டைதான் என்பதையும் மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். பிறகு விமானக் கம்பெனிக்குக் கொடுத்த புகாரில் அவர் இந்தப் பகுதியை எழுதவில்லை என்று கேள்வி. அது அவருடைய பெருந்தன்மை.

விமானம் கிளம்பிய பிறகு, லேபிளை மறைக்கக் கூடாது என்று க்ளெம் கோட்டைக் கழற்றிவிட்டார். நான் திரும்பிப் பார்த்தேன்.

"முன்னாடி பாரு லோர்ன். கழுத்தைத் திருப்பினா தூரம் குறையுது."

அதன் பிறகு நான் பவுடர் டப்பாவைத் திறந்து, அதன் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டு வந்தேன். கண்ணாடிக்கு விதி கிடையாது. கடல் முழுக்க வெயில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் அவரும் கண்ணாடியில் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். நாக்கைத் துருத்திக் காட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அவர் முகத்தில் நான் பார்த்த முதல் நல்ல குறி அது. இறங்கும் வரை நாங்கள் அப்படியே வந்தோம்.

விமானம் இறங்கியதும் நான் கண்டது பின்வருமாறு. இந்தத் தீவில் யார் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினாலும், தன்னார்வத் தீயணைப்பு வண்டி போய் அழைத்து வரும். பின்னாலேயே இறைச்சிச் சாசேஜ் சுடும் அடுப்பும் போகும். அன்றும் வண்டி வந்திருந்தது. ஊரே வந்திருந்தது. ஆனால் டாரில் ஓடுதளத்தின் ஓரம் முழுக்கக் கயிறு கட்டி, எல்லோரையும் அதற்குப் பின்னால் நிறுத்தியிருந்தார். க்ளெம் தலை தெரிந்ததும் பாடுவது என்று பேசி வைத்திருந்ததால், அதுவரை யாரும் வாயைத் திறக்கவில்லை. இதை ஒரு வெளியூர்க்காரரின் கண்ணால் பார்க்க வேண்டும்: சிவப்பு வண்டி, நீளக் கயிறு, அதன் பின்னால் சத்தமே இல்லாமல் ஒரு கூட்டம், எல்லோரும் ஒரு விமானத்தையே பார்த்துக்கொண்டு.

திரு. ப்ரூம்தான் முதலில் இறங்கினார், கோழிக்குஞ்சுகளோடு. அதன் பிறகு நான். அதன் பிறகு க்ளெம். முழங்கால் வலியால் அவர் எப்போதும் ஏணியில் பின்புறமாகத்தான் இறங்குவார். ஆகவே விமானத்திலிருந்து முதலில் வந்தது அவருடைய முதுகு. முதுகில் மஞ்சள் லேபிள், விசிறிச் சின்னம், மூன்று சிவப்புக் கோடு. அந்த நேரம் பார்த்துக் கூட்டம் பாட ஆரம்பித்தது. திரு. ப்ரூம் ஒரு படம் எடுத்தார். பிறகு பெட்டியைக் கீழே வைக்காமலே ஓடிப்போய்க் கழிப்பறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு, அவசர எண்ணைக் கூப்பிட்டார். கோழிக்குஞ்சுகளைக் காப்பாற்றிக் கொண்டுபோனதற்கு டாரிலின் மனைவி அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறார்.

அந்தச் சமயம் சார்ஜென்ட் நெவில் ஸ்ட்ரக்னெல் சம்பவ இடத்தில் சாசேஜ் திருப்பிக்கொண்டிருந்தார். இதை அவர் எழுத மறுத்தார். அதன் பிறகு எழுதினார்.

அவசர எண் கூப்பிட்டதன் விளைவாக லான்செஸ்டனில் ரசாயன விபத்துப் படை பாதுகாப்பு உடை மாட்டிக்கொண்டு நின்றது என்பதும், மதிய விமானம் நிறுத்தப்பட்டது என்பதும், அதில் போக வேண்டிய சிங்கி இறால் பெட்டிகள் தேங்கின என்பதும் உண்மை. படைக்கும் இறால்காரர்களுக்கும் நான் மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கிறேன். இறால் வீணாகாமல் ஊர் பார்த்துக்கொண்டது.

இன்னொன்றும் நடந்தது, அதையும் எழுத வேண்டும். எல்லோரும் கயிற்றுக்குப் பின்னால் நின்றார்கள், மஃபினைத் தவிர. அது கயிற்றுக்கு அடியில் புகுந்து ஓடி வந்தது.

"நில்லு மஃபின். அங்கயே நில்லு. அரை மீட்டர்" என்று க்ளெம் சொன்னார்.

மஃபின் பயிற்சி பெற்றதில்லை. நேராக வந்து அவர் காலில் முழு உடம்பையும் சாய்த்துக்கொண்டு நின்றது. க்ளெம் கொள்ளைக்காரனிடம் மாட்டினவர் மாதிரி இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றார். கூட்டம் பாட்டை நிறுத்திவிட்டது. டாரில் கயிற்றுக்குப் பின்னாலிருந்து, "டேய் க்ளெம், அதுக்கு உன் எண்ணெல்லாம் தெரியாது, தொட்டுத் தொலைடா" என்றார். ஒரு கை மட்டும் மெதுவாக இறங்கியது.

அதன் பிறகு அவர் வீட்டுக்கு வந்து, இன்றுவரை பின்னறையில் தனியாகப் படுத்து வருகிறார். டாக்டரம்மா சொன்ன நாட்கள் இன்னும் முடியவில்லை. இரவில் சுவரின் இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவரும் பேசிக்கொள்கிறோம். அவர் எண் இப்போது ஒன்றுக்குக் கீழே வந்திருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். மஞ்சள் இரண்டாக இறங்கிவிட்டதில் அவருக்கு லேசான வருத்தம்.

கடைசியாக, என் கணவர் கொடுத்த வாக்குமூலத்தை சார்ஜென்ட் எனக்குப் படித்துக் காட்டினார். தன் மனைவிக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை என்றும், அவள் அப்போது வெளியே வாத்துகளுக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள் என்றும், லேபிளைத் தானே தன் முதுகின் நடுவில் ஒட்டிக்கொண்டதாகவும் அவர் சொல்லியிருக்கிறார்.

"அவன் உறுதியாச் சொல்றான் லோர்னா. நான் எதை நம்பறது?"

"நெவில், நீ அவனோட டார்ட்ஸ் ஆடறவன்தானே? அவன் ஏன் இடது கையால எறியறான்?"

சார்ஜென்ட் பேனாவை வைத்தார்.

என் கணவரின் வலது தோள் இறுகிப்போய் வருடக்கணக்காகிறது. அந்தக் கை பின்னால் போகாது. இடது கை போகும், ஆனால் இடுப்பு வரைதான். லேபிள் இருந்தது இரண்டு தோள்பட்டைகளுக்கும் நட்டநடுவில். அந்த இடத்தை அவரால் தொட முடியாது. தினமும் சாயங்காலம் செய்தி போடும்போது அங்கே அவருக்கு அரிக்கும், அவர் ஒன்றும் சொல்லாமல் நாற்காலியில் சற்று முன்னால் குனிவார், சொறிந்துவிடுவது நான். வேண்டுமானால் அவரை இங்கே வரவழைத்து, ஒரு தபால்தலையை அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள். ஒட்டினால் நான் என் வாக்குமூலத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஒட்டிய விதம் பின்வருமாறு. அன்று காலை குடிசையில் அவர் வலைக்கதவைத் திறந்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேசையைப் பிடித்துக் குனிந்து நின்றார். சீக்கிரம் ஒட்டிவிட்டுத் தள்ளிப் போய்விட வேண்டும் என்றார். சரி என்றேன். லேபிள் உறுதியாக ஒட்டப்பட வேண்டும் என்பது விதி. நான் நடுவில் கையை வைத்து அழுத்தினேன். மெலிந்திருந்தார், சட்டைக்கு அடியில் எலும்பு தெரிந்தது. சூடாக இருந்தார். அவரை மருத்துவமனைக்கு அனுப்பிய நாளிலிருந்து நான் அவரைத் தொட்டிருக்கவில்லை. ஒவ்வொரு மூலையாக நீவினேன். நான்கு மூலையும் ஒட்டிவிட்டது. நான் கையை எடுக்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் சற்று முன்னால் குனிந்தார்.

"ஒட்டிருச்சா லோர்ன்?"

"இன்னும் இல்ல" என்றேன்.

அப்படிச் சொன்னது ஒன்றுதான் பொய். அதைத் தவிர இதில் உள்ள அத்தனையும் நடந்தபடியே சொன்னது, யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. சார்ஜென்ட் படித்துக் காட்ட, ஓரிடத்தில் அவர் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர, கேட்டுச் சம்மதித்துக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) லோர்னா மே பிக்கெட்

என் முன்பாக: (ஒப்பம்) சார்ஜென்ட் நெ. ஸ்ட்ரக்னெல். க்ளெமன்ட் பிக்கெட்டின் வாக்குமூலம், தோள் அசைவு காரணமாக, நம்பத்தக்கதல்ல என்று குறிக்கப்பட்டது.